இறங்காமல் ஏற வேண்டிய வளைவு

என் அக்கா வீட்டுக்காரர் பல் செட் செய்கிறவர். பல் பிடுங்குகிறவர் இல்லை. அந்தக் கெட்ட பெயர் டாக்டர்களுக்கே இருக்கட்டும். டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் அதைப் பிளாஸ்டரில் வார்த்து, மெழுகில் ஈறு கட்டி, பல் பதித்து, தேய்த்து, பளபளவென்று ஆக்கித் திருப்பி அனுப்புவார். வீட்டு முன்னறைதான் பட்டறை. உள்ளே நுழைந்தால் மூன்று பக்க அலமாரியிலும் ஊர்ப்பட்ட தாடைகள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். அந்த அறையில் வாய் திறக்காத ஒரே ஆள் மாமாதான்.

சும்மா சொல்லவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மாமா வீட்டுக்குள் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு பக்கம் நிரம்பாது. சோறு போதுமா என்றால் தட்டின் மேல் கையைக் குறுக்கே வைப்பார். வெளியே கிளம்புகிறார் என்பது ஹெல்மெட்டை எடுத்தால் தெரியும். நான் அதற்கு நேர்மாறு. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். நாளெல்லாம் பின்சீட்டு வால்களை அதட்டி அதட்டி என் வாய் நீண்டுவிட்டது. "உன் வாயில பாதி அவருக்கு இருந்தா வீடு கொஞ்சம் வீடு மாதிரி இருக்கும்" என்று அக்கா சொல்வாள். "என் வாயில பாதிய எடுத்தா உன் வீட்டுக்காரர் அதுக்கும் ஒரு செட் செஞ்சு மாட்டிடுவாரு" என்பேன்.

ஆனால் மாமா பேசுவார். மோட்டார் சைக்கிளில் ஏறினால் பேசுவார்.

அது ஒத்தை சிலிண்டர் வண்டி. அக்காவைப் பார்ப்பதற்கு முன்பே அதை வாங்கிவிட்டார். ஒரு பெரிய இதயம் நிதானமாக அடித்துக்கொள்வதுபோல் சத்தம் வரும். அக்காவுக்கு மேட்டின் மேல் இருக்கும் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. தினமும் காலையில் அவளைக் கொண்டுபோய் விடுவது மாமா. மேட்டுத் தெருப் பிள்ளைகளை ஏற்ற அதே நேரத்தில் நானும் காலி வேனோடு அதே ரோட்டில் போவேன். அதனால் எனக்கு நன்றாகத் தெரியும். கிளம்பி முதல் திருப்பம் தாண்டியதும் மாமாவின் ஹெல்மெட் இடது பக்கமாகக் கொஞ்சம் சாயும். பேச ஆரம்பித்துவிட்டார் என்று அர்த்தம். மேட்டின் அடிவாரம் வரைக்கும் அது நேராகாது. பின்னால் அக்காவின் தலை ஆடிக்கொண்டே இருக்கும். எனக்கு வாய்த்தவரும் இருக்கிறாரே, பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டினால் தூங்கிவிடுவார். அந்த இரண்டு ஹெல்மெட்டையும் பார்க்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும்.

ஒருமுறை மாமாவே சொன்னார்: "உங்கக்கா மாதிரி கேக்கற ஆளு கிடையாது. குறுக்க ஒரு வார்த்தை பேச மாட்டா."

சிக்கல் மேட்டில் இருந்தது. பாதி மேட்டில் டீக்கடை வளைவு என்று ஒன்று. அங்கே ரோடு திரும்புகிற அதே இடத்தில் நெட்டுக்குத்தாக ஏறும். ஒருவர் மட்டும் இருந்தால் வண்டி முனகிக்கொண்டே ஏறிவிடும். இருவர் என்றால் வளைவில் மூச்சு வாங்கி, குலுங்கி, நின்றுவிடும். அதனால் அக்கா தினமும் அங்கே இறங்கி ஏற்றத்தை நடந்து கடப்பாள். மாமா மேலே போய் நின்று காத்திருப்பார். டீக்கடைக்காரர் பாய்லருக்குப் பின்னாலிருந்து, "என்னம்மா, இறங்கியாச்சா?" என்று தினமும் கேட்பார். அவருக்கு அது ஒரு வணக்கம் மாதிரி. அக்காவுக்கு அதைக் கேட்டால் உடம்பெல்லாம் எரியும்.

ஒருநாள் மழைத் தூறலில் அக்காவின் செருப்பு வார் அந்த ஏற்றத்தில் அறுந்துபோனது. ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் சேறுமாக அவள் ஏறுவதை டீக்கடை பெஞ்சு முழுக்கப் பார்த்தது. போதாக்குறைக்கு ஆஸ்பத்திரிக் கணக்கர் தன் காரை நிறுத்தி, "வண்டி உங்களைத் தூக்கலையா மேடம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்து பையை வைத்த சத்தத்தில் அலமாரித் தாடைகள் ஒருமுறை கடகடவென்று ஆடின.

"ஒண்ணாம் தேதியிலிருந்து ஸ்டாஃபுக்கு பஸ் விடறாங்க. நான் பேர் குடுக்கப் போறேன்" என்றாள்.

மாமா மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தார்.

"நான் இறங்காம அந்த வளைவு ஏறணும். அதுக்குள்ள ஏறினா சரி. இல்லேன்னா பஸ்தான். தினமும் அந்த டீக்கடைக்காரன் என்னைப் பாத்து இறங்கியாச்சான்னு கேக்கறதுக்கு நான் ஆள் இல்ல."

மாமா தலையை ஆட்டினார். அவ்வளவுதான் பதில். அக்கா உள்ளே போன பிறகு நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். "என்ன மாமா, பஸ்ல போனா உங்களுக்கும் காலைல நிம்மதிதானே? பெட்ரோலும் மிச்சம்." அவர் கையில் இருந்த மேல் வரிசைப் பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஸ்ல போயிட்டா நான் யார்கிட்ட பேசறது?" என்றார்.

கேலி பேசலாம் என்று திறந்த வாயை நான் மூடிக்கொண்டேன். அந்த மனுஷன்மேல் எனக்கு அன்றைக்கு வந்த பிரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பித்துவிட்டார். முதலில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தார். பழைய சைலன்சரைக் கழற்றிவிட்டு, வேகமாகப் புகை தள்ளும் குட்டைச் சைலன்சர் ஒன்றை மாட்டினார். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் ஜெட்டைப் பெரிதாக்கினார். ஏர் ஃபில்டரை மாற்றினார். தெருவில் ஸ்டார்ட் செய்தபோது எதிர்வீட்டுக் குழந்தை வீறிட்டது. நேர் ரோட்டில் வண்டி பறந்தது உண்மைதான். ஆனால் மெதுவாக ஏறுகிற இடத்தில் முன்பைவிட மோசம். கத்தல் இருந்தது, இழுவை இல்லை. "மேட்டுக்கு வேகம் எதுக்கு மாமா, பலம்தானே வேணும்?" என்றேன். "தெரியுது" என்றார், தெரியாத முகத்தோடு.

தெருமுனை மெக்கானிக், மாமாவுக்குப் பழைய சிநேகிதர், சுலபமாக ஒரு வழி சொன்னார். செயினை இழுக்கிற முன்பக்கப் பல்சக்கரத்தில், அதாவது ஸ்ப்ராக்கெட்டில், ஒரு பல்லைக் குறைத்துவிட்டால் எந்த மேடும் ஏறுமாம். "வாழ்க்கை முழுக்க பல்லு வச்ச கை, ஒண்ண எடுக்கவும் செய்யட்டுமே" என்று சிரித்தார். மாற்றினார்கள். இழுவை கூடியது, ஆனால் நேர் ரோட்டில் எஞ்சின் பாவம் தொண்டை கிழியக் கத்தியது. சந்தைக்குப் போய்த் திரும்பிய அக்கா, "கையும் காலும் மரத்துப் போச்சு, பல்லெல்லாம் ஆடுது. அது வேணா உங்களுக்கு யாவாரம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பழைய ஸ்ப்ராக்கெட் திரும்பவும் ஏறியது.

அப்புறம்தான் மாமா எஞ்சினின் தலையையே கழற்றினார். காற்றும் பெட்ரோலும் உள்ளே நுழைகிற வழிக்குப் போர்ட் என்று பெயர். அதற்குள் எப்படி வளைவு இருக்கிறது என்று வெளியிலிருந்து யாராலும் பார்க்க முடியாது. மெக்கானிக்கே டார்ச் அடித்து, விரலை விட்டுத்தான் பார்ப்பார். மாமாவுக்கு அந்தக் கவலை இல்லை. வாயில் அச்செடுக்கும் பசையைக் குழைத்து அந்த வழிக்குள் ஊற்றி, உறைந்ததும் உருவி எடுத்தார். எஞ்சினின் தொண்டை அப்படியே ரப்பர் மாதிரி அவர் உள்ளங்கையில் இருந்தது. வால்வுக்குப் பக்கத்தில், வார்ப்பு சரியாகச் சேராமல் ஒரு படி துருத்திக்கொண்டிருந்ததை எனக்கே காட்டினார். "இதுல இடிச்சுக்கிட்டுதான் உள்ள போகுது" என்றார். வீட்டுக்குள் அவர் முழு வாக்கியம் பேசியதைக் கேட்டு அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

பல்லைத் தேய்க்கிற குட்டி மெஷினாலேயே அந்தப் படியைச் சீவினார். அதோடு விட்டிருக்கலாம். கைப்பழக்கம் யாரை விட்டது? ஈறுக்குப் போடுகிற பாலிஷ் அத்தனையும் போட்டார். முதலில் பொடி, அப்புறம் துணிச் சக்கரம், அப்புறம் கடைசி மினுமினுப்புக்கு வைத்திருக்கும் கட்டி. முடித்தபோது அந்த வழிக்குள் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். தெருவே வந்து பார்த்தது. மெக்கானிக் மட்டும், "இவ்வளவு வேணுமா?" என்று இழுத்தார். மாமா கேட்கிற நிலையில் இல்லை.

ஒத்திகைக்கு ஆள் வேண்டும் என்றார். அக்காவை உட்கார வைக்கத் தைரியமில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ சரியா இருப்ப" என்றார்.

"எதுக்குச் சரியா இருப்பேன்?"

"எடைக்கு."

வேறு யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்கே அவருக்குப் பல் செட் தேவைப்பட்டிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். வழி முழுக்க என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. காதை எஞ்சினில் வைத்திருந்தார். மெதுவாகப் போகும்போதெல்லாம் வண்டி இருமியது. வளைவில் திரும்பியது, ஏற்றத்தைப் பார்த்தது, இரண்டு முறை கமறியது, நின்றது. இறங்கினேன். பாய்லருக்குப் பின்னாலிருந்து, "அட, இன்னிக்குத் தங்கச்சியா?" என்று குரல் வந்தது. அக்காவின் கோபம் எனக்கு அந்த நிமிஷம் முழுதாகப் புரிந்தது. அந்த ஆளைத் திட்டிய திட்டில் பெஞ்சில் இருந்தவர்கள் டீயை வைத்துவிட்டார்கள்.

பிளக்கைக் கழற்றினால் பெட்ரோலில் நனைந்து கிடந்தது. ஜெட்டைக் குறைத்தார், திரும்பவும் நனைந்தது. இன்னும் குறைத்தார், வேகத்தில் திணறியது. ஒண்ணாம் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அக்கா பஸ்ஸுக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். மாமா காலையில் வண்டியில் போகும்போதும் ஹெல்மெட் நேராகவே இருந்ததை நான் வேனிலிருந்து பார்த்தேன். 

அந்த வாரத்தில்தான் ஒரு மதியம், ரிட்டயரான தபால்காரர் ஒருவர் கைக்குட்டையில் பல் செட்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். நான் அங்கே தாடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தேன். மாமா செய்து கொடுத்த செட்தான். ஆரம்பத்தில் நன்றாக நின்றதாம், இப்போது தும்மினால் தெறித்து விழுகிறதாம். "நேத்து பேத்தி புள்ள மடியில விழுந்துச்சு" என்றார் பொக்கை வாயோடு. மாமா வாங்கிப் பார்த்தார். அண்ணத்தில் ஒட்டுகிற உள்பக்கம் கண்ணாடியாக மின்னியது.

"என்ன பண்ணீங்க இத?"

"தேய்ச்சேன். உள்பக்கம் மட்டும் மங்கலா விட்டிருந்தீங்களே. பாத்திரம் தேய்க்கிற பவுடர் போட்டு தினமும் தேய்ச்சேன்" என்றார் தபால்காரர் பெருமையாக.

பல் விஷயம் என்றால் மாமாவுக்குக் கோபம் வரும். அதுவும் அபூர்வமாக வருவதால் கொட்டித் தீர்ப்பார். "உள்பக்கத்துக்கு யாராவது பாலிஷ் போடுவாங்களா? நாக்கு படற பக்கம்தான் பளபளன்னு இருக்கணும். உள்பக்கம் நான் கையே வைக்க மாட்டேன். கொஞ்சம் சொரசொரப்பு இருந்தாத்தான் ஈரம் அதுல மெலிசா பரவும். இப்படி வழவழன்னு பண்ணிட்டா ஈரமெல்லாம் ஒண்ணா சேந்து ஒரே பக்கமா வழிஞ்சு..."

நின்றுவிட்டார். வாய் திறந்தபடி இருந்தது. அலமாரியில் இருந்தவர்களோடு அவரும் சேர்ந்துகொண்டதுபோல் இருந்தது எனக்கு. தபால்காரர் பயந்துபோய், "தப்பா தேய்ச்சுட்டேனா?" என்றார்.

"நீங்க மட்டுமில்ல" என்றார் மாமா. "நானும்தான்."

தபால்காரருக்குப் புது செட் செய்து தருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டு, அன்று வேறு எந்த வாயையும் தொடவில்லை. எஞ்சினைத் திரும்பவும் பிரித்தார். "பெட்ரோல் பொடிப்பொடியா காத்தோட கலந்து போகணும். சுவரு கண்ணாடியா இருந்தா துளியெல்லாம் ஒட்டிக்கிட்டு தாரையா ஓடுது. மெதுவா போறப்ப இன்னும் மோசம்" என்று என்னிடம், ஆம், என்னிடம், விளக்கினார். அப்புறம் முரட்டு உப்புத்தாளை விரலில் சுற்றிக்கொண்டு, தான் அத்தனை ஆசையாகப் போட்ட பாலிஷைத் தானே கெடுத்தார். முகத்தைப் பார்க்க முடியவில்லை. பெற்ற பிள்ளைக்கு மொட்டையடிக்கிற மாதிரி இருந்தார். புகை வெளியேறுகிற வழியை மட்டும் மின்னவிட்டார். அதில் கரி ஒட்டாதாம். எனக்கென்னவோ மனசு வரவில்லை என்றுதான் தோன்றியது.

பிரித்ததோடு இன்னொன்றும் செய்தார். எஞ்சின் இன்னும் இறுக்கி அழுத்தி வெடித்தால் இழுவை கூடும் என்று, லேத்தில் கொடுத்து எஞ்சின் தலையின் அடிப்பக்கத்தை மயிரிழை சீவி வாங்கினார். அப்படிச் சீவினால் வால்வு பிஸ்டனில் இடிக்குமோ என்ற பயம் உண்டு. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சரியாகச் சேர்கிறதா என்று கடி பார்க்கிற மெழுகை பிஸ்டன் தலையில் வைத்து மூடி, கையால் ஒரு சுற்றுச் சுற்றி, திறந்து பார்த்தார். மெழுகில் வால்வின் தடம் பதிந்திருந்தது. அதற்குக் கீழே போதுமான கனத்தில் மெழுகு மிச்சமிருந்தது. "கடி சரியா இருக்கு" என்றார், யாரோ ஒரு நோயாளியிடம் சொல்வதுபோல. பழைய சைலன்சரும் திரும்பி வந்தது. எதிர்வீட்டுக் குழந்தை தூங்கியது. ஜெட்டை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்து, கலவை சரி என்பதற்கு அடையாளமாக பிளக் காய்ந்து காபிப் பொடி நிறத்தில் வந்த அன்றைக்கு மாமா சமையலறை வாசலில் போய் நின்றார்.

"நாளைக்கு ஒரு நாள்" என்றார்.

"நாளைக்குத்தான் பஸ் ஆரம்பிக்குது" என்றாள் அக்கா. அப்புறம் அவர் நகங்களில் இருந்த கரியைப் பார்த்தாள். "சரி. ஆனா இறங்க மாட்டேன், சொல்லிட்டேன்."

"வளைவுல என்மேல முன்னாடி சாஞ்சுக்க. இல்லேன்னா முன் சக்கரம் தூக்கும்."

மறுநாள் நான் வேண்டுமென்றே ஒட்டிப் பின்னால் போனேன். முதல் திருப்பம் தாண்டியதும் மாமாவின் ஹெல்மெட் சாய்ந்தது. அப்பாடா என்றிருந்தது. அக்காவின் தலை வழக்கம்போல ஆடியது. என் வேனுக்குப் பின்னால், புதுப் பெயிண்ட் வாசனையோடு ஆஸ்பத்திரி பஸ் வந்துகொண்டிருந்தது. கணக்கர் காரைக் காணோம். அவரும் பஸ்ஸில்தான் இருந்திருப்பார்.

வளைவு வந்தது. டீக்கடைக்காரர் வாயைத் திறந்து தயாராக நின்றார். மாமா முதல் கியருக்கு மாற்றினார். அக்கா அவர் தோளில் முகத்தை வைத்து முன்னால் சாய்ந்தாள். வண்டி திரும்பி ஏற்றத்தில் ஏறியது. இருமவில்லை. தப் தப் தப் என்று ஒவ்வொரு அடியாக, அலட்டிக்கொள்ளாமல் ஏறியது. நான் வேனுக்குள் தனியாகக் கத்திக்கொண்டிருந்தேன். பாதி ஏற்றத்தில், வாடகைக்கு என்று பலகை தொங்கும் நீலக் கதவு வீட்டருகே, வண்டி சட்டென்று நின்றுவிட்டது.

நான் பிரேக்கில் ஏறி நின்றேன். பின்னால் பஸ் ஹார்ன் அடித்தது. மாமா காலை ஊன்றி, தலையை முழுக்கத் திருப்பி அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார், பேயைப் பார்த்ததுபோல. பஸ் ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. டீக்கடைக்காரர் கீழேயிருந்து, "என்னம்மா..." என்று ஆரம்பித்தார்.

"இறங்க மாட்டேன்" என்று அக்கா போட்ட சத்தம் எனக்கே கேட்டது. "எடுங்க."

"நின்னுடுச்சே. இந்த ஏத்தத்துல ரெண்டு பேரோட நின்ன இடத்திலிருந்து..."

"எடுங்கன்னு சொல்றேன்ல!"

ஓடிவந்த வேகத்தில் ஏறுவது வேறு, நின்ற இடத்திலிருந்து கிளப்புவது வேறு. வண்டி ஓட்டுகிற எவருக்கும் அது தெரியும். மாமா உதைத்தார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. கிளட்சை நூல் நூலாக விட்டார். வண்டி நடுங்கியது, ஒரு நொடி யோசித்தது, பிறகு இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு கிளம்பியது. மேலே போகும்வரை நிற்கவில்லை. நான் அழுதேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் ஆட்சேபணை இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் மாமா எஞ்சினைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்காவை ஓரம் கட்டினேன். "நல்லாத்தானே ஏறுச்சு? ஏன்டி நின்னுச்சு?"

"நான் பதில் சொல்லிட்டேன்" என்றாள்.

அந்த நீலக் கதவைத் தாண்டும்போது மாமா, இந்த வீட்டை எடுத்தால் நீ வேலைக்கு நடந்தே போய்விடலாம், ஆனால் அப்புறம் நமக்கு இந்தச் சவாரி இருக்காது, அதனால்தான் நான் கேட்பதில்லை என்று சொன்னாராம். இவள், "வேணாங்க, அங்க தண்ணி கஷ்டம்" என்றாளாம். அவ்வளவுதான், அவர் கை தானாக ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டது.

"பதில் சொன்னதுக்கா இப்படி?"

அக்கா மாமா பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு இத்தனை வருஷமா அவரு பேசினது ஒரு வார்த்தை கேட்டதில்லடி. காத்துல ஒண்ணும் கேக்காது. மெதுவா போற இடம் அந்த ஏத்தம் ஒண்ணுதான். அங்கதான் இறங்கிடுவேனே. இன்னிக்குத்தான் காதுகிட்ட சாஞ்சிருந்தேன், கேட்டுச்சு."

"அப்போ தலைய ஆட்டினது?"

"அவரு பேசறப்ப முதுகு அதிரும். அத வச்சு ஆட்டுவேன். கேக்கலன்னு சொன்னா நிறுத்திடுவாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவர்கிட்ட சொல்லித் தொலைக்காத."

நாளெல்லாம் அடுத்தவர் குரலைக் காதில் வாங்கி இணைப்புக் கொடுக்கிறவள் என் அக்கா. மாமாவிடம் நான் இதுவரை சொல்லவில்லை. இவ்வளவு நீள வாயில் ஒரு ரகசியம் தங்கியிருப்பது எனக்கே ஆச்சரியம். பஸ்ஸில் அவள் பெயரை அன்றைக்கே அடித்துவிட்டாள். டீக்கடைக்காரர் இப்போது வெறும் வணக்கம் வைக்கிறார்.

மாமாவுக்கு மட்டும் ஒரு விஷயம் இன்னும் பிடிபடவில்லை. "உங்கக்காவுக்கு அந்த ஏத்தம் வந்தாத்தான் பேச்சே வருது, என்னன்னு தெரியல" என்று என்னிடம் சொன்னார். அதனால், அச்செடுத்து, சீவி, பாலிஷ் போட்டு, போட்ட பாலிஷைக் கெடுத்து, இத்தனை பாடுபட்டு இழுவை ஏற்றிய அந்த வண்டியை, அந்த ஏற்றத்தில் மட்டும் நடந்து போகிறவர் முந்துகிற மாதிரி ஓட்டுகிறார். பின்னால் நான், எனக்குப் பின்னால் பஸ். பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்று நான் தினமும் ஹார்ன் அடிக்கிறேன். இரண்டு பேரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.